கோட்டு போட்ட படம்

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நானும் என் வீட்டுக்காரரும் பேனர் கடை வைத்திருக்கிறோம். அன்று அவர் பேனர் கட்டுவதற்கு அவலூர்பேட்டை போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான்.

மத்தியானம் பனமலையிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், கண் சிவந்திருந்தது.

"எங்க நைனா பூட்டாருக்கா. சாயந்தரம் எடுக்குறோம். அஞ்சலி பேனர் வேணும்."

"உங்க அப்பா போட்டோ குடுங்க."

"உங்க சிஸ்டத்துலதான் இருக்குது. பையனுக்குக் காதுகுத்துனப்ப பேனர் போட்டமே, அதுல இருக்காரு. போட்டோ எடுத்த போன் ஏரியில வுழுந்துட்டுது. ஆதார்ல மூஞ்சியே தெரியல. அத வுட்டா வேற படமே இல்லக்கா."

வடிவமைக்கிற மென்பொருளை அழுத்தினேன். அதற்குப் பதிலாக பிடிஎஃப் படிக்கிற மென்பொருள் திறந்து, கோப்பு பழுது என்று சொல்லிவிட்டு, அப்படியே நின்றுபோனது. திரையில் வேறு எதை அழுத்தினாலும் அதே கதை. எல்லாப் படக்குறிகளும் பிடிஎஃப் குறியாக மாறியிருந்தன. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"காலைல சிஸ்டத்துல இன்னா பண்ணீங்க?"

"ஒன்னும் பண்ணலையே. ஒருத்தரு பென்டிரைவ்ல கல்யாணப் பத்திரிகை கொண்டாந்தாரு, தொறக்கல. எதுல தொறக்கணும்னு கேட்டுது, பிடிஎஃப்னு குடுத்தேன். அப்பவும் வரல. அனுப்பிட்டேன்."

"எப்பவும் இதுலயே தொறன்னு டிக் இருந்துதா?"

"இருந்திருக்கும். நீ டென்ஷன் ஆவாத."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். காலையில் வந்தவர் கோப்பை விட்டுவிட்டு, அதைத் திறக்கும் ஷார்ட்கட்டை, அதாவது குறுக்குவழிப் படக்குறியை மட்டும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் கடைக்கு வாரம் ஒருவராவது அப்படி வருவார். என் வீட்டுக்காரர் போட்ட டிக்கால் கணினியில் இருந்த அத்தனை குறுக்குவழிகளும் பிடிஎஃப் பக்கம் திரும்பிவிட்டன.

அணைத்துப் போட்டுப் பார்த்தேன். இன்னும் மோசம். கணினி எழும்போதே பிடிஎஃப் ஜன்னல்கள் வரிசையாகத் திறந்து திரையே உறைந்தது. தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கேட்டால், "ஃபார்மட் அடிச்சுடுங்க" என்றார். அப்படி மொத்தத்தையும் அழித்தால் பேனரும் போகும், அந்தப் பெரியவரின் முகமும் போகும். நகல் எதுவும் எங்களிடம் இல்லை.

வாசலில் நின்றவரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "வந்துடறேம்மா, போட்டோ எடுத்துக்கினு வந்துடறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்.

குறுக்குவழிகளைத் தொடாமல், விசைப்பலகை வழியாகவே கணினியின் அடிவயிற்றுக்குள் நுழைந்தேன். எந்தக் கோப்பு எதில் திறக்க வேண்டும் என்பது அங்கே பதிவாகியிருக்கும். ஒரே ஒரு பதிவை நீக்க வேண்டும். தப்பானதை நீக்கினால் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு நீக்கினேன். மறுபடி அணைத்துப் போட்டேன். கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேறு பயம்.

படக்குறிகள் பழையபடி வந்தன. காதுகுத்து பேனரும் திறந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவர் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பேனரில் இருந்த அவருடைய அப்பாவுக்குக் கருகருவென்று முடி, நீலக் கோட்டு, டை.

"படத்துல கோட்டு போடச் சொன்னது நான்தான்க்கா. முடிக்கு மையும் நான்தான் அடிக்கச் சொன்னேன். இத மாட்டுனா எங்கம்மாவே யாருன்னு கேக்கும்."

என்ன செய்வதென்று தெரியாமல் பேனரைத் திரையில் சிறிதாக்கினேன். பேனரின் ஓரத்துக்கு வெளியே, அச்சில் வராத வெற்றிடத்தில், வேண்டாம் என்று ஒதுக்கிய பூக்களும் தோரணங்களும் கிடந்தன. வேலை முடிந்தால் அந்தக் குப்பையை அழித்துத் தொலையுங்கள் என்று வீட்டுக்காரரோடு நான் போடாத சண்டை இல்லை. அந்தக் குப்பைக்கு நடுவில், கோட்டு மாட்டுவதற்கு முந்தைய அசல் படம் இருந்தது. நரைத்த தாடி, தோளில் துண்டு, யாரிடமோ சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பெரிதாக்கிக் காட்டினேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "நைனா" என்று கூப்பிட்டார்.