எங்கள் டேண்டம் சைக்கிளின் ஓட்டை நடுவுக்கு வந்த கதை

இன்று காலை காரியாபட்டிக்குச் சற்று முன்னால், சைக்கிளில் உட்கார்ந்தபடியே எனக்கு வேலை போய்விட்டது!

விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது இரண்டு பேர் மிதிக்கும் டேண்டம் சைக்கிள். முன்னால் நான், பின்னால் என் மனைவி கோமதி.

அவளுக்குத் தனியாக சைக்கிள் ஓட்டத் தெரியாது. (கற்றுக்கொடுக்காமல் விட்டது அவள் அண்ணன். என்மேல் பழி இல்லை.)

காரியாபட்டியில் இருக்கும் அந்த அண்ணன் போன மாதம் போனில், "நீ சைக்கிள் மிதிச்சு நம்ம வாசலுக்கு வா, அப்பப் பாப்போம்" என்று சிரித்துவிட்டார். இந்த ஞாயிறு வருகிறோம் என்று இவள் சபதமே போட்டுவிட்டாள்.

சபதம் போட்ட கையோடு என் பெடல் பக்கம் கிறீச் கிறீச் என்று சத்தம்.

அங்கே இருப்பதன் பெயர் எக்சென்ட்ரிக் பாட்டம் பிராக்கெட். (பெயர்தான் பெரிசு, ஆள் சிறிசு.)

ஓர் உலோக உருளை. அதில் பெடல் அச்சு நுழையும் ஓட்டை, வேண்டுமென்றே ஓரமாக இருக்கும். உருளையைத் திருப்பினால் அச்சு முன்னே நகரும். என் பெடலையும் கோமதி பெடலையும் இணைக்கும் செயின் இறுகும்.

கழற்றி, கரிசல் புழுதியைத் துடைத்து, கிரீஸ் வைத்து, திருப்பி முடுக்க வேண்டும். அவ்வளவுதான் சர்வீஸ்.

பாளையம்பட்டி சைக்கிள் கடை அண்ணனிடம் துடைத்து கிரீஸ் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஓட்டையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

நேற்று போனால், கடை அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"தம்பி, எவனோ தூங்கிக்கிட்டே ஓட்டைய ஓரமாப் போட்டுருக்கான். நான் லேத்துல குடுத்து நட்டநடுவுல போட்டு புது உருளையே செஞ்சுட்டேன்."

எனக்குத் தலை சுற்றியது. உருளையைத் திருப்பிப் பார்த்தேன், அதுவும் சுற்றியது. அச்சு மட்டும் ஒரு நூல்கூட நகரவில்லை!

செயின் தொங்குகிறதே என்றால், ஓட ஓடச் சரியாகிவிடுமாம்.

பழைய உருளையை லேத்காரர் பேப்பர் பறக்காமல் இருக்க மேசையில் வைத்துக்கொண்டாராம். பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். இனி திங்கள்தான்.

அடுத்த வாரம் போகலாமா என்று கோமதியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"எங்கண்ணன்ட்ட வாரேன்னு சொல்லிட்டேங்க. தள்ளிக்கிட்டாச்சும் போயிருவோம்."

கிளம்பினோம். பயந்துகொண்டே போனதில் ஊர் நெருங்கும்வரை செயின் தாக்குப்பிடித்தது. பிறகு விழுந்தது.

என் பெடல் சும்மா சுற்றியது. ஆனால் சைக்கிள் நிற்கவில்லை! பின்சக்கரத்துக்குப் போகும் செயின் கோமதியின் பெடலில் இருந்துதானே போகிறது.

இறங்கி மாட்டுகிறேன் என்றேன்.

"எறங்காதீக. நீங்க ஹேண்டில மட்டும் புடிங்க."

பிடித்தேன். கடைவீதி முழுக்க வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

மச்சான் வாசலில் நின்றவர், சும்மா தொங்கிய என் கால்களையே பார்த்தார்.

"என்ன மாப்ள, நீங்க மிதிக்கலையா?"

கோமதி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அவுக சும்மாதேன் வந்தாக. மிதிச்சது நாந்தேன்."

மச்சான் காபி போடச் சொல்லி உள்ளே போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை.

நாளை பழைய உருளையை மீட்டுவிடலாம் என்றால், இப்போதே நன்றாகத்தானே ஓடுகிறது என்கிறாள் கோமதி.

சைக்கிள் கடை அண்ணனுக்கு என் நன்றி. சாயங்காலம் ஊர் திரும்பவேண்டும், எதிர்காற்று வேறு. செயினை மாட்டட்டுமா, இப்படியே உட்கார்ந்து வரட்டுமா?