கப்பல் படத்தில் வெட்டிய இடம்

டிவி பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். பல்லி முட்டை இருக்கும், கரப்பான் எச்சம் இருக்கும், ஒருமுறை மலைக்கு மேலே கியா பார்ம் ஊரில் காய்கறிக் கடை வைத்திருப்பவர் கொண்டுவந்த பெட்டியில் ஓர் எலி குட்டிகளோடு செத்து டிரான்ஸ்பார்மரில் ஒட்டிப்போய்க் கிடந்தது. அதைத் திருப்புளியால் சுரண்டி எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மத்தியானச் சோறு சாப்பிட்டவன் நான். இந்தத் தேயிலை மலை ரிங்லெட் டவுனில் இத்தனை வருஷமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், நான் திறந்த எந்தப் பெட்டிக்குள்ளும் பேயும் இருந்ததில்லை, ஆவியும் இருந்ததில்லை. யாராவது அந்தப் பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் நம்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

கப்பல் படம் என்று நாங்கள் சொல்வது கடலில் போகிற கப்பல் இல்லை, வானத்தில் போகிற கப்பல். வெள்ளைக்காரத் தொடர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வரும், கீழே மலாயில் எழுத்து ஓடும். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு, எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பூமிக்குத் திரும்ப வழி தெரியாமல் போன ஒரு கப்பல், அதில் கொஞ்சம் ஆட்கள், வாரம் ஒரு கிரகம், வாரம் ஓர் ஆபத்து, அவ்வளவுதான் கதை. ஆனால் இன்றைக்கும் எங்கள் தோட்டத்துக்காரர்களின் போன் குரூப்பில், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, கேப்டன் ஒரு கிரகத்தில் தன் ஆளை விட்டுவிட்டு வந்தது சரியா தப்பா என்று சண்டை போடுகிறார்கள்.

அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்றால், பாதி ஈர்ப்பு டிவிக்காரர்கள் வெட்டியதில்தான் இருக்கிறது என்பேன். முத்தம் கொடுக்கப் போனால் வெட்டு, ரத்தம் வந்தால் வெட்டு, கொஞ்சம் கோரமாக ஏதாவது வந்தால் வெட்டு. படம் ஒரு துள்ளுத் துள்ளி அடுத்த காட்சிக்குப் போய்விடும். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று திங்கட்கிழமை தேயிலை மலையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

அதில் சீக்கு அறை என்று நாங்கள் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. கப்பலில் ஒருவனுக்கு உடம்பு அழுகுகிற நோய் வந்துவிடும். அவனை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், கூட வேலை செய்தவர்கள் ஒருவரும் பக்கத்தில் போகமாட்டார்கள். கடைசியில் டாக்டர் மட்டும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவார். அங்கே ஒரு துள்ளல். அடுத்த காட்சியில் அவர் வெளியே நின்று கை கழுவிக்கொண்டிருப்பார், கண் சிவந்திருக்கும். உள்ளே என்ன செய்தார், அவனைக் கொன்றாரா காப்பாற்றினாரா, யாருக்கும் தெரியாது.

நான் இந்தத் தொடரைப் பார்த்தது ஆரோக்கியம் அண்ணன் வீட்டில். அப்போது எனக்கு இருபது வயது, எங்கள் வீட்டில் டிவி கிடையாது. அண்ணன் தோட்டத்து லாரி ஓட்டினார், அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, கட்டு மாற்றுகிற வேலை. அண்ணன் ஒரு பகுதி விடாமல் வீடியோ டேப்பில் பதிவு செய்வார். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை பேர் இருக்கிற கப்பலில் கக்கூஸ் எங்கே என்று ஒரு வருஷமாகத் தேடினோம். அவர் தோள்பட்டையில் பச்சை குத்தியிருந்தார், ஸ்டெல்லா என்று. குத்தியவன் 'ல்' எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டான். அதைச் சொல்லிச் சொல்லி நான் அவரைக் கிண்டல் செய்வேன்.

பிறகு ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அண்ணனுக்கு முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. கட்டிலை டிவிக்கு எதிரே போட்டார்கள். முதலில் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். சில மாதத்தில் அவர் முதுகெல்லாம் படுக்கைப் புண். அந்த வாடையை நான் எப்படிச் சொல்வது. கதவைத் திறந்தால் தொண்டைக்குள் கை விடுகிற மாதிரி இருக்கும். முதலில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கதவோரம் உட்கார்ந்தேன், அப்புறம் வாசல்படியில், அப்புறம் வெளியே ஜன்னல் பக்கம் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்று பார்த்தேன். "எனக்குச் சளிண்ணே, உங்களுக்கு ஒட்டிக்கும்" என்று சொன்னேன். அண்ணன் சிரித்தார். சீக்கு அறை வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றேன். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து போகவில்லை. அவர் அதற்கப்புறம் ஏழு மாதம் உயிரோடு இருந்தார். அடக்கத்துக்குப் போனேன், கூட்டத்தில் பின்னால் நின்றுவிட்டு வந்தேன்.

போன வருஷம் அந்தத் தொடர் வெட்டாத முழுப் பதிப்பாக இன்டர்நெட்டில் வந்தது. குரூப்பில் ஒரே ஆர்ப்பாட்டம். நானும் முதல் வேலையாகச் சீக்கு அறையைத்தான் தேடிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் பெரிதாக இல்லை. டாக்டர் ஊசி போடுகிறார், நோயாளியின் ரப்பர் தோல் கிழிந்து பச்சைக் கஞ்சி மாதிரி ஏதோ வழிகிறது, செத்துப்போகிறான். பார்க்கவே மட்டமாக இருந்தது. இதற்கா இத்தனை வருஷம் அடித்துக்கொண்டோம் என்று போனை வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஜெரால்டு கூப்பிட்டான். ஸ்டெல்லா அக்காவின் ஒரே மகன், கீழே ஈப்போ டவுனில் வேலை.

"அண்ணே, அம்மாவுக்கு அந்தக் கப்பல் படம் முழுசா போட்டுக் காட்டுனேன். இது இல்ல, என் டேப்புல வேற வருதுன்னு சொல்றாங்க. அப்பாவைக் காட்டுறாங்களாம். நான் அந்த டேப்ப ரெண்டு தடவ பாத்துட்டேன், ஒன்னுமே இல்லண்ணே, ஒரு வெட்டு, அடுத்த சீன், அவ்ளோதான். தனியா இருந்து இருந்து மூளை கொழம்பிப்போச்சு. ஈப்போவுக்கு வாங்கன்னா வரமாட்றாங்க. நீங்க வந்து பாத்துச் சொன்னா கேப்பாங்களாம்."

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் தொழில்காரன், டேப் பார்க்க வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். லயத்தில் இப்போது பாதிக்கு மேல் வங்காளதேசத்து ஆட்கள், தமிழ் வீடு நாலோ ஐந்தோ. மூடுபனி வாசல் வரைக்கும் வந்து நின்றது, பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆனால் நிமிர்ந்துதான் நடக்கிறார்.

"வா தம்பி. நீ இந்த வீட்டுக்குள்ள வந்து எத்தன வருஷமாச்சு" என்றார். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பிறகு ஈப்போவிலிருந்து வந்திருந்த மகனைப் பார்த்துச் சொன்னார். "தம்பி தொழில் தெரிஞ்ச ஆளு. அவன் பாத்துட்டு ஒன்னும் இல்லன்னு சொன்னா, நான் வாயப் பொத்திக்கிட்டு உங்கூட வந்துர்றேன். இருக்குன்னு சொன்னா என்னைய இங்கயே விட்டுறணும்லா. சரியா?"

"சரிம்மா" என்றான் ஜெரால்டு. என்னைப் பார்த்துக் கண்ணால் ஒரு ஜாடை காட்டினான்.

பழைய வீடியோ பிளேயரில் டேப் உரசுகிற ஹெட்டைத் துடைத்துவிட்டு அக்கா கொடுத்த டேப்பைப் போட்டேன். மேலே அவர் கையெழுத்தில் 'சீக்கு ரூம்' என்று ஒட்டியிருந்தது. படம் ஓடியது, மங்கலாக, கொஞ்சம் ஆடிக்கொண்டு. அந்த அறை, அந்தக் கதவு. டாக்டர் கதவைத் திறந்தார், உள்ளே போனார். துள்ளல் வரவேண்டிய இடம்.

துள்ளவில்லை.

ஒரு கட்டில் தெரிந்தது. கப்பல் கட்டில் இல்லை, இரும்புக் கட்டில். ஒருவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், முதுகு மட்டும் எங்கள் பக்கம். டாக்டரின் கை, முகம் தெரியவில்லை கை மட்டும்தான், எனாமல் பேசினில் துணியை நனைத்துப் பிழிந்து அந்த முதுகைத் துடைத்தது. இடுப்புக்கு மேலே ஒரு கையளவு குழி. உள்ளே வெள்ளையாக எலும்பு. ஒட்டியிருந்த பழைய கட்டைத் தண்ணீர் விட்டு விட்டு மெதுவாக உரிக்க, அதோடு நூல் நூலாகச் சீழ் வந்தது. பேசின் தண்ணீர் மஞ்சளாகி, பச்சையாகி, அதன்மேல் தோல் துணுக்குகள் மிதந்தன. கை அவசரப்படவில்லை. துணியைப் பிழிகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தோள்பட்டையில் பச்சை எழுத்து. 'ல்' மேல் புள்ளி இல்லை.

அப்போதுதான் வாடை வந்தது. பெட்டியிலிருந்தா, சுவரிலிருந்தா, தெரியாது. செத்த எலியைச் சுரண்டிவிட்டுச் சோறு சாப்பிட்டேன் என்று சொன்னேனே, இது அந்த வாடை இல்லை. உயிரோடு இருக்கிற ஒன்று அழுகுகிற வாடை, நடுவில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட். நாக்கில் ஒட்டியது.

கட்டிலில் இருந்தவர் மெதுவாகத் தலையை எங்கள் பக்கம் திருப்பத் தொடங்கினார். கன்னத்து எலும்பு தெரிந்தது. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"ஏண்ணே?" என்றான் ஜெரால்டு. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"டேப்பு சிக்கப் பாக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி, கால்வாயோரம் வாந்தி எடுத்தேன். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டேன். உள்ளே வந்தபோது அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, எதாச்சும் தெரிஞ்சிச்சா?"

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன சொல்லியிருக்கவேண்டும். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஆனால் ஆமாம் என்று சொன்னால் இன்னொரு முறை போடச் சொல்வார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகம் முழுசாகத் திரும்புகிற வரைக்கும் பார்க்கவேண்டும்.

"என்னக்கா தெரியணும்? டாக்டரு உள்ள போனாரு, வெட்டிட்டாங்க, கை கழுவுறாரு. எப்பவும் வர்றதுதான்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம், "சரிப்பா" என்றார். எழுந்து போய் அலமாரியைத் திறந்து சேலைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஜெரால்டு என் கையைப் பிடித்து, "ரொம்ப தேங்க்ஸ்ணே" என்றான். அவன் கை பட்டதே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவன்மேல் இல்லை.

மூன்று வாரம் கழித்து, வீட்டைக் காலி பண்ணியபோது ஜெரால்டு டேப்புகளை ஒரு பெட்டியில் போட்டு என் கடையில் இறக்கிவிட்டுப் போனான், தூக்கிப் போட்டுவிடச் சொல்லி. அந்த ஒன்றை மட்டும் எடுத்து ஸ்குரு கழற்றித் திறந்தேன். என் தொழிலில் நான் பொய் சொல்லமாட்டேன், கேளுங்கள். உள்ளே முழுக்க வெள்ளைப் பூஞ்சை. சுற்றுக்குச் சுற்று ஒட்டி, டேப் ஒரே கட்டையாக இறுகியிருந்தது. கத்தி முனையை விட்டுப் பார்த்தேன், ஓர் அடுக்குகூடப் பிரியவில்லை. மூன்று வாரத்தில் வருகிற பூஞ்சை இல்லை அது, பத்து வருஷத்துப் பூஞ்சை. எந்தப் பிளேயரில் போட்டாலும் ஒரு சுற்றுகூட ஓடியிருக்காது. ஆனால் ஜெரால்டு அதை இரண்டு முறை பார்த்திருக்கிறான். நானே என் கையால் போட்டேன்.

அதற்கப்புறம் என்னால் கடையில் உட்கார முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துத் தாப்பா வழியாக ஈப்போவுக்கு இறங்கினேன். ஜெரால்டும் அவன் மனைவியும் கடைக்குப் போயிருந்தார்கள். அக்கா ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார், எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு டிவி, அணைத்திருந்தது. ஆள் பாதியாகிவிட்டார். நான் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். எனக்குத் தெரிஞ்சிச்சு. அண்ணன்தான். பச்சை குத்துனதுகூடத் தெரிஞ்சிச்சு."

அவர் கோபப்படுவார், அழுவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போனேன். ஒன்றும் இல்லை. சும்மா தலையை ஆட்டினார்.

"தெரியும் தம்பி. படம் ஓடுறப்ப நீ சட்டையத் தூக்கி மூக்கப் பொத்திக்கிட்ட. நான் உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் மூக்கைப் பொத்தியது எனக்கே ஞாபகம் இல்லை.

"அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார் அக்கா, என் பக்கம் நன்றாகத் திரும்பி. "இத்தன வருஷமா அந்த டேப்ப எத்தனையோ தடவ போட்டுப் பாத்திருக்கேன். எனக்கு அதுல அவரு முகம் தெரியும், சிரிப்பாரு, அதோட முடிஞ்சிரும். ஒரு நாளும் வாடை வந்ததில்ல. உனக்கு மட்டும் எப்படிப்பா வந்துச்சு?"