இரண்டு கம்பெனி பூச்சு

என் புருஷன் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். சொட்டு மது தொட்டதில்லை. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய மஞ்சள்காமாலைக் கிருமி ஈரலில் குடியிருந்தது. தினம் ஒரு மாத்திரைதான் அதை அடக்கி வைத்திருந்தது.

நோய்பட்ட ஈரலில் நச்சுக் கழிவு பெருகும், அதை முறிக்க ஈரலே சில நொதிகளை உண்டாக்கும், நோய் நாள்பட்டால் அவை குறைந்துபோகும் என்று டாக்டர் ஒருநாள் விளக்கினார். இவர் புத்தி பட்டறையை விட்டு எங்கே போகும்? ஈரல் துரு பிடித்துவிட்டது, அடியில் பூசிய பிரைமர் உரிந்துவிட்டது என்று முடிவு கட்டினார். மூக்கில் வேர்த்ததுபோல் வந்து சேர்ந்தான் என் கொழுந்தன். அவன் விற்பதே நொதி மாத்திரை டப்பாக்கள்தான். எனக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

சில மாதங்களில் இவர் கண் மஞ்சளானது. அலமாரியில் டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. கேட்டதற்குக் கூசாமல் சொன்னார்.

"ரெண்டு கம்பெனி பூச்சை ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சா சுருங்கிடும். முதல்ல தம்பி குடுத்தது காயட்டும்."

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விழுங்கிய நொதி சோற்றோடு சோறாக வயிற்றிலேயே செரித்துவிடும், ஈரல் வாசலை மிதிக்காது, மாத்திரையை நிறுத்தியதால்தான் கிருமி எழுந்தது, இனியும் தவறினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். கூடப்பிறந்தவனுக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார். இவரோ நர்ஸ் தந்ததைத் தலையணைக்கு அடியில் ஒளித்தார். தம்பி பொய் சொல்வானா என்று என்னையே முறைத்தார். அழுதேன், திட்டினேன், அசையவில்லை.

மருந்து வாங்கப் போனேன். ஜன்னலில் எனக்கு முன்னால் கொழுந்தன். கையில் அதே மாத்திரை அட்டை. அவனுக்கும் அந்தக் கிருமிதான்.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி."

"உங்க டப்பா என்னாச்சு?"

தரையைப் பார்த்தான். "அது விக்கிறதுக்கு அண்ணி."

சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தி, அதையே அண்ணனிடம் சொல்லச் சொன்னேன். தலைகுனிந்து சொன்னான்.

இவர் தம்பி கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒளித்த மாத்திரையை எடுத்தார்.

"தண்ணி குடு" என்றார் என்னிடம்.

கொடுத்தேன். கொழுந்தனும் தன் மாத்திரையைப் பிரித்துக்கொண்டு என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். மூடியை இறுக்கித் திருகிப் பைக்குள் வைத்தேன்.