பை மாட்டிய காக்கை

ஒரு காக்கையை ‘அவரு’ என்று மரியாதை போட்டு யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் சில மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். போன அமாவாசையோடு அது நின்றுவிட்டது.

செவிலிமேட்டில் எங்கள் பக்கத்து வீடு விமலா அம்மாளுடையது. அவர் கணவர் வாலாஜாபாத் ரூட்டில் டவுன் பஸ் கண்டக்டர். தோளில் தோல் பையும் வாயில் விசிலுமாகவே வாழ்ந்து ரிட்டயர் ஆனவர். போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்... ஐ.சி.யூ. கதவு மூடிக்கொண்டது. “ஒரு தபா பாத்துட்டு வந்துட்றேம்பா” என்று விமலா அம்மாள் செக்யூரிட்டியிடம் கெஞ்சிப் பார்த்தார். ரூல்ஸ் என்றால் ரூல்ஸ்தானே? கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கருமாதியன்று படையலைக் காக்கை தொடவில்லை. நாத்தனார் அங்கேயே ஆரம்பித்துவிட்டார். “கடைசி மூச்சு போவும்போது பக்கத்துல ஒரு நாதியில்ல. எங்க அண்ணனுக்குக் கோவம் இருக்காதா பின்ன?”

சாவு வீட்டில் சிலருக்கு மட்டும் எங்கிருந்துதான் இப்படி வாய் வருமோ!

அந்த ஒரு சொல் விமலா அம்மாளைத் தின்றுவிட்டது. ஒவ்வொரு அமாவாசையும் மொட்டை மாடிச் சுவரில் இலை, சாதம், பருப்பு, வடை. “கா... கா...” என்று தொண்டை கட்டும்வரை கூப்பிடுவார். காக்கை தொடாமல் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வெயில் ஏறும், சாதம் விறைத்துப் போகும், ஒன்றும் வராது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையை எடுத்துப் போவார்.

ஏன் வரவில்லை என்று சொன்னது, எங்கள் மாடியில் குடியிருக்கும் ஜெனிஃபர். வாலாஜாபாத் பெண். காக்கைகள் கூட்டமாக எப்படி நடந்துகொள்கின்றன என்று பிஎச்.டி. செய்கிறாள். சில காக்கைகளைப் பிடித்து, காலில் கலர் வளையம் போட்டு, முதுகில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு ஜி.பி.எஸ். கருவியை மாட்டிப் பறக்க விட்டிருக்கிறாள். எது எங்கே போகிறது, எதன் பின்னால் எது போகிறது — எல்லாம் அவள் போனில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

“எல்லாம் குப்பைக் கிடங்குக்குப் போவுதுங்க அங்கிள். ஒண்ணு அங்க நல்லா சாப்ட்டுச்சுன்னா, மறுநாள் கூட்டமே அது பின்னாடி போயிடுது.”

நியாயம்தானே? மாதம் முழுக்க மிச்சச் சோற்றைக் கவரில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுகிறோம். அமாவாசைக்கு மட்டும் மாடியில் நின்று கத்தினால்... காக்கைக்குக் காலண்டரா தெரியும்? இதைப் போய் விமலா அம்மாளிடம் சொன்னேன். “என்னைத் தேத்தறதுக்கோசரம் சொல்றீங்க சார்” என்று உள்ளே போய்விட்டார்.

அப்புறம் ஒரு அமாவாசையன்று, ஒரே ஒரு காக்கை வந்தது. காலில் சிவப்பு வளையம், முதுகில் ஜெனிஃபரின் கருவி. சுவரில் உட்கார்ந்து நிதானமாக வடையைத் தின்றது. விமலா அம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே அண்ணாந்து பார்த்தது.

“சார்! பை மாட்டிக்கினு வந்துகீறாரு சார்! அவரேதான்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆன்ட்டி, அது நான் மாட்டுனது” என்றாள் ஜெனிஃபர். “இத்தினி காக்கா இருக்குது. யாருக்கு மாட்டணும்னு உனக்குக் காட்டுனது யாரு?” என்றார் விமலா அம்மாள். பிஎச்.டி. போனை எடுத்துப் புள்ளியைத் தேடியது.

அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் மாடிப்படியில் ஏறிவிடுவார். “கண்ணு, இப்ப எங்க இருக்காரு?” புள்ளி வாலாஜாபாத் பக்கம் போயிருந்தால், “டூட்டிக்குப் போய்க்கினு இருக்காரு.” பஸ் ஸ்டாண்டைச் சுற்றினால், “டீக்கடைதான், வேற எங்க!” நாத்தனாருக்கு போன் போட்டு, “உங்கண்ணனுக்குக் கோவம்லாம் ஒண்ணுமில்ல” என்று சொன்னதை நானே கேட்டேன். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

எத்தனை நாளைக்கு? போன மாதம் அந்தப் புள்ளி குப்பைக் கிடங்கில் நின்றது. நகரவே இல்லை. ஜெனிஃபர் போய்ப் பார்த்தாள். தெருநாய்களுக்கு யாரோ வைத்த விஷச் சோறு... கருவியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தாள்.

“சிக்னல் இல்லைன்னு சொல்லிடும்மா” என்றேன். மனசில்லாமல் சொன்னாள். விமலா அம்மாள் தினமும் செல்போன் டவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

போன அமாவாசை வந்தது. இலையை வைத்து வாய் திறப்பதற்குள் — சுவரில், தண்ணீர் டேங்கில், டிஷ் ஆன்டெனாவில் — எங்கே பார்த்தாலும் காக்கைகள்! கண்மூடித் திறப்பதற்குள் இலை காலி.

“ஒண்ணு செத்த எடத்துக்கு மத்ததுங்க சீக்கிரத்துல போவாது அங்கிள். அதான் ஊருக்குள்ள வந்துடுச்சுங்க” என்றாள் ஜெனிஃபர், என் காதோடு.

விமலா அம்மாள் சந்தோஷப்படவில்லை. ஒவ்வொரு காக்கையின் காலாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பை மாட்டியவை வந்திருந்தன. பச்சை வளையம், மஞ்சள் வளையம். சிவப்பைக் காணோம்.

“டிப்போ ஆளுங்க அத்தினி பேரும் வந்துட்டாங்க. அவரு மட்டும் வரல. திரும்பக் கோவமா சார்?”

ஜெனிஃபருக்குத் தாங்கவில்லை. “கோவம் இல்ல ஆன்ட்டி. அந்தக் காக்கா செத்துப்போச்சு.”

விமலா அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கேட்டார். “சாவும்போது பக்கத்துல யாருனா இருந்தாங்களா?”

ஜெனிஃபர் போனில் அன்றைய மேப்பைத் திறந்து காட்டினாள். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் சுற்றிலும் மற்ற எல்லாப் புள்ளிகளும். துக்கத்தில் கூடினவா, பயத்தில் கூடினவா? அது இன்னும் தனக்கே தெரியாது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். விமலா அம்மாளிடம் அதைச் சொல்லவில்லை.

“எல்லாரும் வந்துட்டாங்க ஆன்ட்டி. ரொம்ப நேரம் கூடவே இருந்தாங்க” என்றாள். முதல்முறையாக அவளும் மரியாதை போட்டுப் பேசினாள்.

விமலா அம்மாள் எழுந்து கீழே போனார். குழாயடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு திரும்பி வந்து, காலி இலையை எடுத்துக்கொண்டே சொன்னார்:

“காக்காங்களுக்கு ஐ.சி.யூ. இல்ல பாரு கண்ணு... எல்லாரையும் உள்ள வுட்டுட்டாங்க.”