தங்கப் பூச்சுக்கு அடியில்

கூ கியோக் ஹுவா மலேசியாவின் தைப்பிங் சந்தையில் சோயாப் பால் விற்கும் பெண்மணி. அண்டா காலியானதும் ஒரு வாளி, ஒரு தேய்ப்பான், வீட்டு அலமாரியிலிருந்து கழற்றிய முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிய மூன்றையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு சீனர் இடுகாட்டுக்குப் போய்விடுவார். அங்கே முன்பின் தெரியாத யாருடைய தாத்தாவையாவது தேடுவார்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் குழு எங்களுடையது. யாருக்கும் சம்பளம் கிடையாது. சீன எழுத்து தெரியாத சீனப் பிள்ளைகளுக்குக் கியோக் ஹுவா கல்லைப் படித்துச் சொல்வார். அவருக்கு ஆங்கிலம் வராது. பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில், டீச்சராக இருந்த நான் தேடிக் கொடுப்பேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரொஹானா அக்காவுக்குத் தெரியாத கம்பம், மலாய்க்காரர் கிராமம், இந்தப் பக்கத்தில் இல்லை. மெல்பர்னிலிருந்து ஒருவர் தன் கொள்ளுத் தாத்தாவின் கல்லைக் கேட்டால் கியோக் ஹுவா அட்டைக்கடி வாங்கிக்கொண்டு தேடிப் படம் அனுப்புவார். மெல்பர்ன்காரர் பதிலுக்குத் தன் ஊரில் வேறொருவருக்காகத் தேட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

கல் படிக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பாசி ஏறிய கல்லின் மேல் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால் தேய்ந்த எழுத்தில் நிழல் விழும். ஆனால் எழுத்துக்கு முன்னால் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்பார். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே கல். ஒருவர் செத்தவுடனே இரண்டு பேரையும் செதுக்கிவிடுவார்கள். செத்தவர் பெயருக்குத் தங்க நிறம், உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு. அவரும் போன பிறகு சிவப்பின் மேல் தங்கத்தைப் பூசுவார்கள்.

"சிவப்பா இருந்தா ஆளு இன்னும் வரல டீச்சர். சாப்பாட்டுக் கடை மேசையில டிஷ்யூ பாக்கெட் வெச்சு இடம் பிடிப்போமே, அந்த மாதிரி."

அவருடைய சொந்தக் கதையை இரண்டு வரியில் முடித்துவிடுவார். நாலு வயதில் அம்மா செத்தாள், ஏழு வயதில் அப்பா செத்தார், பெரிய அத்தை வளர்த்தாள். அம்மாவும் அப்பாவும் ஒரே கல்லின் கீழ். கல்லறைக்குப் படையல் வைக்கும் செங் பெங் நாள் வந்தால் அவித்த கோழி, ஆரஞ்சு, எரிப்பதற்குக் காகிதத்தில் செய்த சட்டை, காகிதக் காசு. இவ்வளவுதான்.

செங் பெங் கூட்டம் வருவதற்கு முந்திய வாரம், குழுவில் உள்ளவர்களின் குடும்பக் கல்லறைகளை எல்லோரும் சேர்ந்து சுத்தம் செய்வோம். ரொஹானா அக்காவின் அப்பா கல்லறையில் கியோக் ஹுவா புல் பிடுங்குவார். கூ குடும்பத்துக் கல்லை ரொஹானா அக்கா தேய்ப்பார். போன வருஷமும் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். மழை பெய்து ஊறிய கல். பாசியோடு தங்கப் பூச்சும் தோல் தோலாக உரிந்து வந்தது.

"ஹுவா, இங்க வா. அப்பா பேருல தங்கத்துக்கு அடியில வெறும் கல்லுதான் இருக்கு. அம்மா பேருல அடியில மட்டும் ஏன் சிவப்பா இருக்கு?"

கியோக் ஹுவா சிரித்துக்கொண்டேதான் வந்தார். குனிந்து பார்த்தார். நகத்தால் இன்னும் கொஞ்சம் சுரண்டினார். அம்மாவின் பெயரான 'தான் சியூ லான்' முழுக்க அடியில் சிவப்பு.

அப்பாவுக்கு மூன்று வருஷம் முந்திச் செத்தவள் பெயருக்கு அந்தக் கல்லில் சிவப்பு இருக்க வழியே இல்லை. ஊரார் கல்லையெல்லாம் நிறம் பார்த்துப் படித்தவர், தன் கல்லை மட்டும் அப்படிப் பார்த்ததில்லை.

இடுகாட்டுக் காவலர் ஆ லியோங்கை நான்தான் கூட்டி வந்தேன். அவருடைய அப்பா அந்தக் கல்லைச் செதுக்கியவர். லியோங் கல்லைப் பார்த்தார், கியோக் ஹுவாவைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

"சொல்லுங்க அங்கிள்."

"உள்ள ஒரு பெட்டிதான் இறங்குச்சு. உங்க அத்தை ரெண்டு பேரையும் தங்கத்துல எழுதச் சொல்லித்தான் கேட்டாங்க. உயிரோட இருக்கிறவ பேரத் தங்கத்துல எழுத மாட்டேன், என் கை விளங்காமப் போயிடும்னு அப்பா சொல்லிட்டாரு. அப்புறம் நீங்க எழுத்துப் படிக்க ஆரம்பிச்ச வருஷம் அத்தை மறுபடி வந்தாங்க. பிள்ளை கேள்வி கேக்கும், பூசிடுன்னாங்க. அப்பா முடியாதுன்னாரு. நான்தான் பூசினேன்."

"எங்கம்மா எங்க இருந்தாங்க?"

"குடியிருப்புல." குஷ்ட நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த குடியிருப்பு இருக்கும் மலைப் பக்கம் அவர் கையால் காட்டினார். "பெரிய வியாதி. லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு. சந்தையில எல்லாருக்கும் தெரியும்மா."

எல்லாருக்கும் தெரியும். ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு குழந்தையிடம் பொய் சொல்லியிருக்கிறது. அதற்குக் கூட்டம் போட்டுப் பேச வேண்டிய அவசியமே யாருக்கும் இருக்கவில்லை. அந்த லாரி வந்தபோதே குஷ்டத்துக்கு மாத்திரை இருந்தது. இதை நான் எத்தனையோ மேடைகளில் சொல்லிக் கத்தியிருக்கிறேன். ஆனால் கியோக் ஹுவா வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உயிரோட இருந்த அம்மாவுக்கு நான் ஊதுபத்தி கொளுத்தியிருக்கேன். காகிதத் துணி எரிச்சிருக்கேன். அது என்னன்னு தெரியுமா? செத்துப் போன்னு கூப்பிடறது. வருஷா வருஷம் கூப்பிட்டிருக்கேன்."

"ஊதுபத்திப் புகையில யாரும் சாக மாட்டாங்க, ஹுவா."

"உங்களுக்கு அப்படி. எப்ப செத்தாங்கன்னு எனக்குத் தெரியணும். நான் கும்பிட்டப்புறமா செத்தாங்க, முன்னாடியான்னு தெரியணும்."

அதன் பிறகு அவர் தூங்கவில்லை. சந்தையில் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார். சோயாப் பால் அடிப்பிடித்தது. அந்த நாற்றத்தோடேயே விற்றார்.

ஆஸ்பத்திரி வேலையில் குடியிருப்புக்குப் போய்வந்து பழகியவர் ரொஹானா அக்கா; அங்கே விசாரித்தார். பழைய ஆட்களில் சிலர் அங்கேயே பூச்செடி வளர்த்து விற்றுப் பிழைக்கிறார்கள். அவர்களில் சோ மூய் என்பவருக்குச் சியூ லானைத் தெரியுமாம். மூவரும் போனோம்.

சோ மூய் எண்பதைத் தாண்டியவர். விரல்கள் பாதிதான் இருந்தன. அந்தக் கையாலேயே ரோஜாத் தொட்டியை நகர்த்திவிட்டு நிமிர்ந்தவர், கியோக் ஹுவாவைப் பார்த்ததும் கேட்டார்: "சோயாப் பால் விக்கிறவதானே நீ? இனிப்பு இப்பவாவது சரியாப் போடறியா?"

கியோக் ஹுவா தொட்டிகளுக்கு இப்பாலேயே நின்றார்.

"உட்காரு பிள்ள. தொட்டா ஒட்டாது. ஒட்டியிருந்தா இந்த ரொஹானா எப்பவோ போயிருப்பா."

"வாய் மட்டும் குறையல பாருங்க," என்றார் ரொஹானா அக்கா.

"ஆன்ட்டி, எங்கம்மா எப்ப..."

"நீ கடை போட்டு ரெண்டு மூணு வருஷம் இருக்கும். அவளுக்கு வியாதி போய் ரொம்ப நாள் ஆச்சு. வெளியே போகலாம்னு சொல்லிட்டாங்க. போறதுக்கு வீடு வேணுமில்ல? உங்க அத்தைக்கு ஆள் அனுப்பினா. பிள்ளைக்குச் செத்துட்டேன்னு சொல்லியாச்சு, செத்தாவே இருன்னு பதில் வந்துச்சு."

"நான் எரிச்சது, கும்பிட்டது... அம்மாவுக்குத் தெரியுமா?"

சோ மூய் சிரித்தார். "தெரியாம? செங் பெங் வந்தா இங்க உட்கார்ந்துக்கிட்டு, 'இன்னிக்கு என் மக எனக்குக் கோழி வெட்டியிருப்பா, எவன் தின்னானோ'ன்னு சொல்லுவா. எல்லாரும் சிரிப்போம். அப்புறம் அவ மட்டும் எந்திரிச்சு உள்ள போயிடுவா."

"அவங்க ஏன் வரல? ஒரு தடவையாவது?"

"வந்தா. கைய உறைக்குள்ள மறைச்சுக்கிட்டு உன் கடைக்கு வந்தா. ஒரு கிளாஸ் வாங்கிக் குடிச்சா. இனிப்பு கம்மின்னா. நீ இன்னும் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி ஊத்தினியாம். திரும்பி வந்து இதையேதான் பேசிக்கிட்டு இருந்தா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? ஊரு மறந்ததைக் கிளறின மாதிரி ஆயிடும். நோய்க்காரி மக விக்கிற பாலை எவன் குடிப்பான்?"

குடியிருப்பின் இடுகாடு ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இருந்தது. ஒரே மாதிரிச் சின்னக் கற்கள். சோ மூய் ஊன்றுகோலால் ஒன்றைத் தட்டினார். தான் சியூ லான். கீழே அவர் செத்த வருஷம். அதற்கும் கீழே, பெற்றவளுக்குக் கல் நட்ட பிள்ளையின் பெயர் வழக்கமாக வரும் இடத்தில்: மகள் கியோக் ஹுவா.

தான் நடாத கல்லில், கேள்விப்படாத இடத்தில், அத்தனை வருஷமாக அவர் பெயர் மழையில் நனைந்துகொண்டிருந்திருக்கிறது. அப்பாவின் கல்லில்கூட அவர் பெயர் இல்லை. பெண் பிள்ளை என்று விட்டிருந்தார்கள்.

"பிள்ளை பேர் இல்லாம நட்டா அநாதைன்னு ஆயிடும்னு நாங்கதான் போட்டோம்," என்றார் சோ மூய். "கோவிச்சுக்காத."

கியோக் ஹுவா கல்லின் மேல் கை வைத்தார். செத்த வருஷத்தை விரலால் தடவி, "நாங்க கும்பிட ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல உயிரோட இருந்திருக்காங்க," என்றார்.

"உன் புகை அவளைக் கொல்லல," என்றார் சோ மூய்.

எனக்குப் பேய்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்றிலிருந்து கியோக் ஹுவாவை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. பால் குடிக்க வந்த அம்மாவின் முகம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. கையுறை போட்டுக்கொண்டு கடைக்கு வந்த பெண்களையெல்லாம் யோசித்துப் பார்க்கிறார். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள், மீன் வெட்டுகிறவர்கள், வெயிலுக்குப் பயந்தவர்கள் என்று எத்தனையோ பேர். இனிப்பு கம்மி என்று யாராவது சொன்னால் இப்போது கரண்டி அப்படியே நின்றுவிடுகிறது. நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்கிறார், வாங்க வந்தவர்கள் சங்கடப்படும் அளவுக்கு.

கல் தேடுவதை மட்டும் அவர் விடவில்லை. போன மாதம் குழுவில் ஒரு பெண் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். சின்ன வயதில் செத்துப்போன சித்தி, கல் எங்கே என்று தெரியவில்லை, கண்டுபிடித்துத் தர முடியுமா என்று. முன்பெல்லாம் கியோக் ஹுவா பெயரையும் ஊரையும் கேட்பார். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"அவங்க செத்துட்டாங்கன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"