வெள்ளாயணி வயலில் பிரம்மி பறித்தவள்

ராகேல் பதினான்கு வருஷமாக வெள்ளாயணி வயல்களில் நீர்பிரம்மி பறித்தாள். ஏரியை ஒட்டித் தரிசாய்க் கிடந்த சேற்றின்மேல், பாய் விரித்ததுபோல் அந்தக் கொடி படர்ந்து கிடக்கும். தடித்த சின்ன இலை, வெள்ளைப் பூ. வேரைச் சேற்றிலேயே விட்டுத் தண்டை மட்டும் கிள்ளி, அலசிக் கட்டாக்கி, நகரத்துச் சாலைக் கடைத்தெருவில் பச்சைமருந்து விற்கும் ஐயப்பனிடம் கொடுப்பாள். பிள்ளைகளுக்குப் படித்தது மறக்காமலிருக்க அதை நெய்யாகக் காய்ச்சுவார்கள்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து எல்லை தாண்டி இங்கே வந்தவள். கணவர் தங்கப்பன் கட்டட வேலைக்காரர். பிள்ளைகள் இல்லை. அவர் ஒருநாளும் வயலில் இறங்கியதில்லை.

மழைக்காலம் வந்தால் சுகாதார ஊழியை அனுஷா வரப்புக்கே வந்து, வயலில் இறங்கும் பெண்களுக்கெல்லாம் எலிக்காய்ச்சல் வராமலிருக்க மாத்திரை கொடுப்பாள். வாரம் ஒரு தடவை சாப்பிட வேண்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும் என்பாள். முதல் தடவை அதை வெறும் வயிற்றில் விழுங்கிய ராகேலுக்கு நெஞ்செரிந்து வாந்தி வந்தது. அதன்பிறகு வாங்கிக்கொள்வாள், சாப்பிட மாட்டாள். மாத்திரை அட்டைகள் ஜன்னல் மாடத்தில் சேர்ந்துகொண்டிருந்தன. பதினான்கு வருஷத்தில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

போன ஜூலையில் உடைந்த பாட்டில் சில்லு அவள் குதிகாலைக் கிழித்தது. ஆறு தையல். பத்து நாள் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது என்றார்கள். மழையில் கட்டட வேலை நின்றுபோய் தங்கப்பன் வீட்டில்தான் இருந்தார். ஐயப்பனோ பிரம்மி வேண்டுமென்று தினமும் ஃபோன் செய்தார். தங்கப்பன் மூன்று நாளைக்குத் தானே போவதாகக் கிளம்பினார். ராகேல் ஒரு கொடியைக் காட்டி, எது பிரம்மி, எது களை என்று சொல்லிக்கொடுத்தாள். மாத்திரையையும் நீட்டினாள். சிமெண்ட் அரித்து அவர் விரலிடுக்கெல்லாம் புண்ணாயிருந்தது.

“மூணு நாளைக்கு எதுக்குட்டி மாத்திர? நீ திங்கியா?” என்று கேட்டார்.

அவள் அட்டையைத் திரும்ப மாடத்தில் வைத்தாள்.

அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மழையில் நனைந்ததால் என்று நினைத்து, ராகேல் மிளகும் துளசியும் இட்டுக் காப்பி போட்டுக்கொடுத்தாள். மூன்றாம் நாள் கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்தது. கண் சிவந்தது, மூத்திரம் நின்றது. அவர் தம்பி லிங்கராஜ் ஆட்டோ பிடித்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

தண்ணீரில் இறங்குமுன் மாத்திரை சாப்பிட்டாரா என்று வார்டில் டாக்டர் கேட்டார். லிங்கராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டார் என்று ராகேல் சொன்னாள். யோசிக்குமுன்பே வாயிலிருந்து வந்துவிட்டது அந்தப் பதில். டாக்டர் எழுதிக்கொண்டார். அதுவே அனுஷாவின் நோட்டுக்கும் போனது. இரண்டு நாள் கழித்து தங்கப்பன் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் சிஜி வந்தாள். ராகேலோடு சேர்ந்து பிரம்மி பறிப்பவள், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டு எழும்போது மாத்திரை தின்பதைப் பற்றிச் சொன்னாள்.

“நாங்க ஆரும் இப்பம் குளிகை கழிக்கியதில்லக்கா. அண்ணன் கழிச்சிட்டும் போயிட்டாருல்லா. பின்ன எதுக்கு?”

அவள் கெண்டைக்காலில் கோரைப்புல் கிழித்த சிவப்புக் கோடுகள் இருந்தன. ராகேலுக்கு அவற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

“இரி சிஜி. அவரு தின்னல. நான் பொய் சொன்னேன். நானும் ஒருநாளும் தின்னதில்ல, அதப் பாத்துத்தான் அவரும் வேண்டாம்னாரு” என்றாள்.

சிஜி மறுபடியும் உட்கார்ந்தாள். பிறகு, இதை மற்றவர்களிடம் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டாள். தானே சொல்வதாக ராகேல் சொன்னாள்.

மறுநாள், முழுதும் ஆறாத காலோடு நொண்டிக்கொண்டே வரப்புக்குப் போய், அனுஷாவும் ஐந்து பெண்களும் இருக்கையில் சொன்னாள். யாரும் திட்டவில்லை. அனுஷா நோட்டில் எதையோ அடித்துத் திருத்தினாள். பெண்கள் ஒவ்வொருவராக மாத்திரைக்காக அனுஷாவிடம் போய்க் கை நீட்டினார்கள்.

சேதி சாயங்காலத்துக்குள் லிங்கராஜுக்கு எட்டியது. அவர் வாசலோடு நின்று, “அண்ணன நீதான் கொன்னே” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு அவர் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஜெபம் நடத்த வந்த உபதேசியாரும் சிஜியும் அவளுமாக மூன்றே பேர்.

அக்டோபரில் ராகேல் மறுபடியும் வயலில் இறங்கினாள். அவளுக்குத் தெரிந்த வேறு வேலை இல்லை. தங்கப்பன் கிள்ளத் தெரியாமல் வேரோடு பிடுங்கிய இடத்தில் கொடி இன்னும் மூடவில்லை. கட்டில் அகலத்துக்குச் சேறு வெறுமையாய்க் கிடந்தது. அவள் அதைச் சுற்றிப்போய் மறுபக்கத்தில் குனிந்தாள்.