அறையில் யாரும் இல்லை

போன வருடம், ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு மதியம். திருவொற்றியூர் பக்கம், கன்டெய்னர் லாரிகளின் வரத்துப்போக்கைக் கணினியில் கவனிக்கும் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலை எனக்கு.

சர்வர் அறைக் கதவு, அவரவர் கார்டைக் காட்டினால் திறக்கும். பெண்களின் கார்டுக்கு மட்டும் திறக்காது. கேட்டால், பெண்கள் பாதுகாப்புக்கான விதி, தனியாக உள்ளே போகக் கூடாது என்பார்கள். உள்ளே அப்படி என்ன புலி இருந்ததோ! வேலை மட்டும் எங்களுக்கும் அங்கேதான். அதனால் ஆண் ஊழியர் யாராவது கார்டைக் காட்ட, அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நுழைவது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அன்றும் அப்படித்தான் நுழைந்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால் குனிந்து ஒரு கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். கூட வந்தவரை யாரோ கூப்பிட, நானும் வேறு யாருடனோ வெளியே போய்விட்டதாக நினைத்து அவர் கிளம்பிவிட்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. உடனே விளக்குகள் அணைந்தன. உள்ளே இருப்பவர்களைக் கார்டை வைத்தே எண்ணும் அமைப்பு அது. அவர் போனதும் அதன் கணக்கில் அறை காலி.

வெளியே வரவும் கார்டு வேண்டும். தடவித் தடவிக் கதவருகே வந்து என் கார்டைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. மறுபடியும் காட்டினேன். மறுபடியும் சிவப்பு. செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. தட்டினேன், கத்தினேன். மெஷின்களின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுற்றிலும் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

அப்போது கூரையிலிருந்து ஒரு பெண் குரல், மிகவும் கனிவாகச் சொன்னது: "அறையில் யாரும் இல்லை. வாயுச் சோதனை தொடங்க இருக்கிறது."

தீயை அணைக்கும் வாயு அது. அறையில் நிறைந்தால் மூச்சுவிடக் காற்று மிஞ்சாது. "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று அலறினேன். அந்தக் குரல் அதே கனிவோடு, யாரும் இல்லை என்று திரும்பவும் சொன்னது. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கையை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

திடீரென்று கதவு திறந்தது. வெளிச்சத்தில் நின்றவர் எங்கள் செக்யூரிட்டி, காலடிப்பேட்டையிலிருந்து வரும் அக்கா. சர்வர் அறைக்குப் போகுமுன் செருப்பைக் கழற்றி வெளியே விடுவது எங்கள் வழக்கம். வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்துவிட்டு, சோதனை செய்ய வந்தவர்களிடம் சண்டைக்கே போயிருக்கிறார்.

"யாருமே இல்லன்றியே, அப்ப இந்த லேடீஸ் செருப்பு இன்னா, தானா நடந்து வந்துச்சா? கதவத் தொற நைனா மொதல்ல!"

அவர் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மறுநாள் மேலாளர் ஒரு தீர்வோடு வந்தார். "இனிமே லேடீஸ் யாரும் உள்ளயே போக வேணாம்மா."

எனக்கு வந்ததே கோபம். "அப்ப என் வேலையை நீங்க பாக்கறீங்களா சார்? என் கார்டுக்கும் கதவு திறக்கணும்" என்றேன். அங்கிருந்த பெண்கள் அத்தனை பேரும் என் பக்கம் வந்து நின்றார்கள். இழுத்தடித்து இழுத்தடித்து, கடைசியில் அந்த விதியை எடுத்தார்கள்.

அன்று எந்த மெஷினும் பழுதாகவில்லை, எல்லாம் விதிப்படி சரியாகவே நடந்தது என்பதை நினைக்கும்போதுதான் இன்றும் எனக்குக் கை சில்லிட்டுப்போகிறது.